உளிக்கலப்பை வாடகைச் சேவை: கடலோர மக்காச்சோளத்தின் வேர்களை வைத்து ஒரு மதிப்பீடு

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வழியாகச் சாயல்குடி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர்களுக்கு டிராக்டர், உளிக்கலப்பை (ஆழத்தில் இறுகிய மண்ணை உடைக்கும் கலப்பை), ஓட்டுநர் ஆகிய மூன்றையும் சேர்த்து வாடகைக்கு அனுப்பும் தனியார் மையம் ஒன்றின் சேவையை மானாவாரி மக்காச்சோளத்திற்காகப் பயன்படுத்தினேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்பதால், பெயரைவிட வேலையின் தரத்தை எப்படிச் சோதிப்பது என்பதே வாசிப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலைக்கு மேற்கிலும் வடக்கிலும் உள்ள களி கலந்த புஞ்சைகளில், உழவு மட்டத்துக்குக் கீழே மண் இறுகிப்போயிருந்து, அடிமண் உவர் இல்லாமல் இருந்தால், இந்தச் சேவைக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. கடலை நெருங்கிய மணற்பாங்கான நிலங்களுக்கும், ஒரு மீட்டர் தோண்டினால் உப்புநீர் கசியும் நிலங்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் மக்காச்சோளத்தின் வேரமைப்பில் இருக்கிறது. விதையிலிருந்து முதலில் இறங்கும் முதல்வேரும் அதனுடன் கிளம்பும் விதைவேர்களும் நாற்றுப் பருவத்தில் மட்டுமே செடியைத் தாங்குகின்றன. அதன்பின் மண்ணுக்குள் இருக்கும் தண்டின் கணுக்களிலிருந்து அடுக்கடுக்காகக் கணுவேர்கள் தோன்றி, செடிக்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கை அவையே கொண்டுவருகின்றன. மண்ணுக்கு மேலே உள்ள கணுக்களிலிருந்து இறங்கும் முட்டுவேர்கள் காற்றில் சாயாமல் செடியைப் பிடித்துக்கொள்கின்றன. தடையில்லாத ஆழமான மண்ணில் இந்த வேர்கள் ஒன்றரை மீட்டருக்குக் கீழேயும் போகக்கூடியவை. வேர்கள் எந்த ஆழம் வரை எட்டுகின்றனவோ அதை நான்காகப் பிரித்தால், மேல் காற்பகுதியிலிருந்து நாற்பது விழுக்காடும் அடுத்தடுத்த காற்பகுதிகளிலிருந்து முப்பது, இருபது, பத்து விழுக்காடும் தண்ணீர் எடுக்கப்படுகிறது என்பது பாசனப் பாடங்களில் சொல்லப்படும் பொதுவான கணக்கு. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஆழத்தில் இருக்கும் வேரால் பெரிய பயன் இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. மேல்மண் ஈரமாக இருக்கும்வரை அது சரி. மேல்மண் காய்ந்த பிறகு செடியைக் காப்பாற்றுவது அந்தக் கடைசி இருபதும் பத்தும்தான்.

எங்கள் பகுதியில் ஒன்பது கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும் ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் ஓடுகின்றன. ரோட்டவேட்டர் மேலே மண்ணை மாவாக்குகிறது. அதன் கத்தி ஓடும் மட்டத்திற்குக் கீழேயோ, டிராக்டரின் எடையும் சேர்ந்து அழுத்துவதால், மண் ஒரு தளம் போல இறுகுகிறது. மண்ணின் எதிர்ப்பு ஏறத்தாழ 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர்நுனியால் அதைத் துளைத்துக்கொண்டு போக இயலாது. அங்கே வேர் பக்கவாட்டில் திரும்புகிறது. மழை பெய்து இரண்டு மூன்று நாட்கள் கழித்து, விரல் கனமுள்ள இரும்புக் கம்பி ஒன்றை நிலத்தில் கையால் அழுத்திப் பார்த்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம். என் நிலத்தில் ஒரு சாண் தாண்டியதும் கம்பி நின்றது. அதற்குக் கீழே உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டியிருந்தது. அப்படி நிற்காமல் கம்பி சீராக இறங்கும் நிலத்துக்கு உளிக்கலப்பையை அழைக்க வேண்டிய தேவையே இல்லை.

வாடகை மையத்தினர் இந்தச் சேவையை விளைச்சல் கூடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது நேரடியான உண்மை அல்ல. உளிக்கலப்பை தருவது தண்ணீரை. அந்தத் தண்ணீர் எந்தப் பருவத்தில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே விளைச்சல் அமைகிறது. களி கலந்த வண்டல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் அளவுக்குப் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரத்தைப் பிடித்து வைக்கும். இறுகிய அடுக்கைத் தாண்டி இன்னும் 30 சென்டிமீட்டர் வேர் இறங்கினால், கணக்குப்படி அதற்கு 45 மில்லிமீட்டர் தண்ணீர் கூடுதலாகக் கிடைக்கிறது. பூக்கும் பருவத்தில் மக்காச்சோளம் நாளொன்றுக்கு ஆறேழு மில்லிமீட்டர் தண்ணீர் செலவழிக்கும் என்று வைத்துக்கொண்டால், இது ஏறத்தாழ ஒரு வாரத்துத் தேவை. பயிர்க்காலம் முழுவதற்கும் 500 முதல் 800 மில்லிமீட்டர் வரை வேண்டியிருக்கும் பயிருக்கு இந்த ஒரு வாரம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். எந்த வாரம் என்பதே கேள்வி.

ஆண்பூவிலிருந்து மகரந்தம் உதிர்வதும் கதிரிலிருந்து பட்டிழைகள் வெளிவருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு உரியது. செல்கள் நீரை உறிஞ்சி விரிவதாலேயே இழை நீளுகிறது என்பதால், தண்ணீர் குறைந்த செடியில் அது தாமதிக்கிறது. ஆண்பூவோ பெரும்பாலும் தன் நேரத்திற்கு உதிர்த்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையே நாட்கள் கூடக்கூட, கதிரில் வெற்றிடங்கள் கூடுகின்றன. பிறகு பெய்யும் எந்த மழையாலும் அந்த மணிகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பட்டிழை வரும் பருவத்தோடு வேர் வளர்ச்சியும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன்பின் இலையில் உண்டாகும் சர்க்கரை கதிருக்குத்தான் போகும். ஆகவே வேர் எட்ட வேண்டிய ஆழத்தைப் பூப்பதற்கு முன்பே எட்டியிருக்க வேண்டும். நாற்றுப் பருவத்தில் தடையில்லாத வழியை மண்ணில் ஏற்படுத்தித் தருவதே உளிக்கலப்பையின் முழு வேலை.

இராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் ஐப்பசி மழையில் வளர்ந்து, கார்த்திகையில் பூத்து, மார்கழியிலும் தையிலும் மணி பிடிக்கிறது. மழை நின்ற பிறகே மணி பிடிப்பின் பெரும்பகுதி நடக்கிறது என்பதால், ஐப்பசியில் பெய்த மழை ஆழத்தில் சேர்ந்திருந்தால்தான் தையில் அதை எடுக்க முடியும். மேல் ஒரு சாணில் தங்கிய ஈரத்தில் கணிசமான பங்கை வெயிலும் கடற்காற்றும் கொண்டுபோய்விடும். ஆழத்தில் இருக்கும் ஈரம் பெரும்பாலும் செடியின் வழியாகவே வெளியேறும். ஒரே மழை, ஒரே நிலம் என்றாலும், எந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டருக்குக் கிடைக்கும் தானியம் மாறுகிறது.

இனி சேவையைப் பார்ப்போம். முன்பதிவு தொலைபேசியில்தான். சொன்ன நாளில் வண்டி வந்தது, ஓட்டுநர் பொறுமையானவர், வரப்பை உடைக்காமல் திரும்பினார், மேற்பரப்பில் இருந்த கல்லைப் பார்த்து ஒதுக்கினார். இவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கலப்பையின் கொழுமுனை தேயாமல் இருந்தது. தேய்ந்த முனை மண்ணைப் பிளக்காமல் நசுக்கிக்கொண்டே போகும் என்பதால், வண்டியிலிருந்து இறக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

குறை ஆழத்தில் இருந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, கடின அடுக்கு உள்ள நிலத்தில் அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்கேயும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்ட வேண்டும். அந்தக் கடின அடுக்கு முழுவதையும் தாண்டி முனை போனால்தான் உழவுக்கு அர்த்தம் உண்டு. முதல் சில சால்களில் கம்பியை விட்டு அளந்து பார்த்தபோது, முனை இறுகிய அடுக்கின் மேற்புறத்தைக் கீறிவிட்டு அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஓட்டுநரிடம் சொன்னபோது, "அண்ணே, இதுக்கு மேல இறக்குனா டீசல் கட்டாது, ஓனர் ஏசுவாரு" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆழம் கூடக்கூட இழுவிசை வேகமாகக் கூடுகிறது. வாடகையை மணிக்கணக்கில் வாங்கிக்கொண்டு டீசலை மையமே போடும்போது, மேலோட்டமாக ஓட்டுவதுதான் மையத்துக்கு லாபம். உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசிக் கூடுதல் டீசலுக்குத் தனியாகத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே கலப்பை முக்கால் முழத்துக்குக் கீழே இறங்கியது. இந்தப் பேச்சை முன்பதிவின்போதே முடித்துக்கொள்ள வேண்டும். வண்டி வயலில் நிற்கும்போது பேசினால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு.

எந்த நாளில் ஓட்டுவது என்பதை முடிவு செய்வதிலும் மையத்தினரின் அறிவுரை எனக்கு ஏற்புடையதாக இல்லை. கோடை மழை பெய்து நிலம் இளகியதும் ஓட்டினால் சுலபம் என்றார்கள். சுலபம்தான், ஆனால் ஈரமான களிமண்ணில் முனை போன தடத்தில் ஒரு கோடு விழுகிறதே தவிர, இரு பக்கமும் மண் உடைவதில்லை. கோட்டின் சுவர்கள் பூசி மெழுகியது போல் மூடிக்கொள்கின்றன. உளிக்கலப்பை மண்ணைப் புரட்டுவதில்லை; இறுகிய மண்ணை அடியிலிருந்து தூக்கி நொறுக்குகிறது, நொறுங்குவதற்கு மண் உலர்ந்திருக்க வேண்டும். எனவே வைகாசிக் கடைசியில், மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் உருளாமல் உதிரும் நிலையில் ஓட்டச் சொன்னேன். டிராக்டர் திணறியது, வேலை முடியக் கூடுதல் நேரமும் ஆனது. மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து மேலே எழும்பியதைப் பார்த்தபோது, அந்த நேரத்துக்குரிய வாடகை சரியான செலவு என்றே தோன்றியது. உழவு முடிந்ததும் பாளங்களை உடைக்க ரோட்டவேட்டரை அனுப்பட்டுமா என்று மையத்திலிருந்து கேட்டார்கள், மறுத்துவிட்டேன். ஆழத்தில் திறந்த மண்ணின் மேல் உடனே மாவாக்கிய மண்ணைப் பரப்பினால், முதல் பெருமழையில் அந்த மாவு பிளவுகளுக்குள் இறங்கி அவற்றை அடைத்துவிடும். ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய தொழுவுரம் பரப்பி, ஆடியில் கொத்துக் கலப்பையால் ஒரே ஒருமுறை மேலாக உழுததோடு நிறுத்திக்கொண்டேன். அந்தத் தொழுவுரம் இல்லாமல் உளிக்கலப்பை மட்டும் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: திறந்த மண் திறந்தே இருக்க வேண்டுமானால் அதில் மக்கிய எருவும் வேண்டும், வேர்களும் வேண்டும். வெறும் பிளவு இரண்டொரு மழைக்காலத்தில் மூடிவிடும்.

சேவையை மதிப்பிடுவதற்காக வயலின் நடுவே ஒரு பட்டையை உளிக்கலப்பை ஓட்டாமல் விட்டிருந்தேன். விதை, உரம், அறுபதுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளி, களையெடுப்பு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. 2018இல் நாட்டுக்குள் நுழைந்ததிலிருந்து விடாமல் தொல்லை தரும் படைப்புழுவும் இரண்டையும் ஒரேபோலத்தான் தின்றது. இப்படி ஒரு பட்டையை விட்டுவைக்காமல், விளைந்தது நன்றாக இருக்கிறது என்று சேவையைப் பாராட்டுவதோ குறை சொல்வதோ முறையல்ல. நல்ல மழை பெய்த ஆண்டில் எந்தக் கலப்பைக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும்.

முதல் வேறுபாட்டை ஐப்பசிப் பெருமழையின்போதே பார்த்தேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வரும்போது எங்கள் பக்கம் ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும். மக்காச்சோளத்துக்கு வறட்சியைப் போலவே தேங்கிய தண்ணீரும் ஆகாது; வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் இளம்பயிர் மஞ்சளித்து நின்றுவிடும். உளிக்கலப்பை ஓட்டிய பகுதியில் தண்ணீர் மறுநாளே உள்ளே இறங்கிவிட்டது. விட்டுவைத்த பட்டையில் கால் வைத்தால் புதையும் நிலை அதற்குப் பிறகும் நீடித்தது. ஓடி வீணாகிற மழையை உள்ளே இறக்கி வைப்பதும், தேங்கி வேரை அழுகச் செய்கிற மழையை வடிப்பதும் ஒரே திறப்பின் இரு பயன்கள் என்பதால், சேவையின் மதிப்பில் சரிபாதியை இதற்கே கொடுப்பேன்.

பூக்கும் பருவத்தில் மண்வெட்டியால் இரு பகுதியிலிருந்தும் செடிகளைத் தோண்டி, வேர்க்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பார்த்தேன். இது என் சொந்த யோசனை அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் லிஞ்சின் குழுவினர் 2011இல் இதை வயல் ஆய்வு முறையாகவே வகுத்து வெளியிட்டார்கள்: செடியைத் தோண்டி, அலசி, கணுவேர்கள் எத்தனை, எந்தக் கோணத்தில் இறங்குகின்றன, எவ்வளவு கிளைத்திருக்கின்றன என்று கண்ணால் பார்த்து மதிப்பெண் இடுவார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதால், உழவர்கள் யாரும் செய்யக்கூடியது. உழாத பட்டையின் வேர்க்கட்டு தட்டையாக விரிந்து, கீழ்வேர்கள் ஒரு மட்டத்தில் வந்து முட்டித் தடித்துப் பக்கவாட்டில் வளைந்திருந்தன. உழுத பகுதியில் வேர்கள் செங்குத்தாக இறங்கியிருந்தன. தோண்டத் தோண்ட இழை போன்ற வேர்கள் இறுகிய அடுக்கின் மட்டத்துக்கும் கீழே போய்க்கொண்டிருந்தன. எண்ணிக்கையில் பார்த்தால் மேல்மட்டத்தில் பட்டையின் செடிகளுக்கே வேர் அடர்த்தி அதிகம்.

இந்தக் கடைசிக் கவனிப்பு பலருக்கு முரணாகத் தோன்றும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நிறைய வேர் இருந்தால் நிறைய தண்ணீர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வேரும் செடியின் செலவில்தான் வளர்கிறது, செலவில்தான் உயிர்வாழ்கிறது. மேல்மண்ணில் நெருக்கமாக இருக்கும் வேர்கள் ஒரே ஈரத்துக்காகத் தங்களுக்குள் போட்டியிட்டுக்கொண்டு, ஆழத்துக்குப் போக வேண்டிய சர்க்கரையைத் தின்றுவிடுகின்றன. லிஞ்ச் 2013இல் முன்வைத்த கருத்து, தண்ணீரையும் அதோடு கீழே இறங்கும் நைட்ரேட்டையும் பிடிப்பதற்கு மக்காச்சோள வேர் செங்குத்தாகவும், குறைந்த செலவிலும், ஆழமாகவும் இருக்க வேண்டும் என்பதாகும். வேரின் புறணியில் உயிருள்ள திசுவுக்குப் பதிலாகக் காற்றறைகள் நிறைந்திருக்கும் வகைகள் வறட்சியில் ஆழமாக வேர்விட்டு, இலையின் நீர்நிலையைக் காத்து, மற்றவற்றைவிட மிகுதியாக விளைந்ததை அவரது குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது; காற்றறைக்கு உணவு தர வேண்டியதில்லை அல்லவா. கணுவேர்களின் எண்ணிக்கை குறைவாக உள்ள வகைகள் வறட்சியில் மேலும் நன்றாகத் தண்ணீர் எடுத்ததாகவும் பின்னர் தெரியவந்தது. மெக்சிகோவில் உள்ள சிம்மிட் ஆய்வு மையத்தில் பூக்கும் பருவத்து வறட்சியைத் தாங்கும் செடிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்தபோது, விளைச்சல் கூடியது, ஆண்பூவுக்கும் பட்டிழைக்கும் உள்ள இடைவெளி சுருங்கியது, மேல் அரை மீட்டரில் இருந்த வேரின் எடையோ குறைந்தது.

இதை உளிக்கலப்பைச் சேவையோடு பொருத்திப் பார்த்தால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. கலப்பை வழியைத் திறக்கும். அந்த வழியில் இறங்குவது விதையின் குணம். எந்த ரகம் போட்டாலும் ஒரே பலன் என்று மையத்தினர் சொல்வதை ஏற்க முடியாது. விதைக் கடையில் தாளின் உயரத்தையும் கதிரின் நீளத்தையும் காட்டுகிறார்கள். வேரின் கோணத்தை யாரும் காட்டுவதில்லை. அண்டை நிலங்களில் வெவ்வேறு வீரிய ரகங்கள் நிற்கும்போது, அனுமதி கேட்டுச் செடிக்கு ஒன்றாகத் தோண்டி அலசிப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு விதையை முடிவு செய்வதே நம் கையில் இருக்கும் வழி. இரண்டாவது, கிணறோ சொட்டுநீரோ வைத்திருப்பவர்கள் இளம்பயிருக்கு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தால், வேர் மேல் மண்ணிலேயே சுகம் கண்டு தங்கிவிடும். அப்படிப் பாய்ச்சுபவர்கள் உளிக்கலப்பைக்குச் செலவழிப்பதில் பயனில்லை.

ஆழமான வேரால் கெடுதலும் உண்டு. நெருக்கமாக நட்டு, ஆழ்ந்த வேரால் ஈரத்தை வேகமாக எடுத்து, பெரிய இலைப்பரப்பு வளர்ந்துவிட்டால், மணி பிடிக்கும் நேரத்தில் நிலம் வெறுமையாகிவிடும். எங்களைப் போல மழை முன்னால் பெய்து பின்னால் நின்றுவிடும் பகுதிகளில் இது மெய்யான ஆபத்து. மானாவாரியில் பாசன நிலத்துக்குரிய செடி எண்ணிக்கையைவிடச் சற்றுக் குறைத்து நட்டால், ஒவ்வொரு செடிக்கும் உரிய ஆழத்து ஈரம் கடைசிவரை வரும். அடுத்த பட்டத்தில் அப்படித்தான் நடப்போகிறேன்.

பயனைச் சொல்கிறேன். மார்கழி நடுவில் உழாத பட்டையின் இலைகள் முன்பகலிலேயே சுருண்டன. உழுத பகுதியில் அதே சுருட்டல் பிற்பகலில்தான் வந்தது, மாலைக்குள் விரிந்தும் விட்டது. பட்டிழைகள் உழுத பகுதியில் சீராக வந்தன. பட்டையில் சில செடிகளில் மகரந்தம் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தன. அறுவடையில் பட்டையின் கதிர்கள் நுனியில் மொட்டையாக இருந்தன, உழுத பகுதியில் நுனிவரை மணி ஏறியிருந்தது. தொழுவுரத்துடன் உளிக்கலப்பை ஓட்டினால் ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடுதல் விளைச்சல் கிடைக்கும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. என் வயலில் அந்த அளவை எட்டவில்லை. நான் குறுக்கு உழவு ஓட்டாமல் ஒரு திசையோடு நிறுத்திக்கொண்டது ஒரு காரணமாக இருக்கலாம். வாடகையையும் கூடுதல் டீசலையும் கழித்த பிறகும் கையில் மிஞ்சியது. உழவின் பலன் இன்னும் ஓரிரு பட்டங்களுக்கு வரும் என்பதால் கணக்கு எனக்குச் சாதகம்தான்.

இந்த நல்ல மதிப்பீட்டைக் கடலோரம் முழுவதற்கும் நீட்டிவிடக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்காச்சோளம் உப்பை அதிகம் தாங்காத பயிர். மண்ணின் நிறைகரைசலில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் விளைச்சல் குறையத் தொடங்கி, அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு வீதம் இறங்குகிறது. ஐந்தாறு அலகு உள்ள அடிமண்ணுக்கு வேரை அழைத்துச் சென்றால், அங்கே தண்ணீர் இருந்தும் வேரால் அதை எளிதில் எடுக்க இயலாது. கரைசலின் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கடலை ஒட்டிய நிலங்களில் மேலே மழையால் கழுவப்பட்ட நல்ல மண்ணும் கீழே உவர்நீரும் இருக்கின்றன. அங்கே ஆழமற்ற வேர்தான் பயிருக்குப் பாதுகாப்பு. பெரியபட்டினம் பக்கம் உறவினர் ஒருவர் கேட்டபோது, துளையிட்டு ஒரு மீட்டர் ஆழத்து மண்ணை எடுத்துப் பார்க்கச் சொன்னேன்; அந்த மண் காய்ந்ததும் வெள்ளை பூத்தது. மக்காச்சோளத்துக்காக உளிக்கலப்பை வேண்டாம் மாமா, முண்டு மிளகாயோடு இருங்கள் என்று சொல்லிவிட்டேன். உவர் மேலடுக்கில் மட்டும் இருந்து, கீழே வடிகாலும் இருந்தால், உளிக்கலப்பை மழையோடு சேர்ந்து உப்பைக் கீழே கழுவித் தள்ளவும் உதவும் என்பது உண்மை. சோடியம் மிகுந்த களர் நிலத்திலோ, ஜிப்சம் இடாமல் பிளந்தால் மண் நீரில் கரைந்து மறுபடியும் மூடிக்கொள்ளும். எந்த நிலம் எது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, மண் பரிசோதனையே சொல்லும். இராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டத்தில் அடிமண்ணைச் சோதிக்காமல் ஆழ உழவுக்குப் பணம் கொடுப்பது நியாயமில்லை. மேல் ஒரு சாண் மண்ணை மட்டும் கொடுத்துவிட்டு வராமல், இரண்டடி, மூன்றடி ஆழத்து மண்ணைத் தனித்தனிப் பைகளில் கொண்டுபோக வேண்டும்.

வரப்பில் சீமைக் கருவேலம் நிற்கும் வயல்களுக்கு இன்னொன்றும் உண்டு. திறந்த அடிமண்ணில் முதலில் இறங்குவது மக்காச்சோள வேராக இருக்காது. மரத்தை வேரோடு எடுத்த பிறகே உளிக்கலப்பையை அழைக்க வேண்டும்.

வாடகை, சாதாரண உழவைவிடக் கூடுதல்தான். மையத்திலிருந்து வயலுக்கு வண்டி வரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள். தனியாளாக அழைத்தால் அது கனமாகத் தெரியும். அடுத்தடுத்த நிலத்துக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் அந்தச் செலவு பிரிந்துவிடும். வேளாண் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். அங்கே உளிக்கலப்பை எப்போது கிடைக்கும் என்பதைச் சித்திரையிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, தனியார் மையத்தின் வாடகையோடு ஒப்பிட்டு முடிவு செய்வது நல்லது.

கணக்கு முடிக்கும்போது மைய உரிமையாளரிடம் ஒரு கோரிக்கை வைத்தேன். மணிக்கணக்கில் வாடகை வாங்குவதை விட்டு, ஏக்கருக்கு இவ்வளவு, இந்த ஆழத்துக்கு இவ்வளவு என்று இரண்டு மூன்று படிகளாக விலை வைத்து, வயலில் மூன்று இடங்களில் கம்பியால் அளந்த ஆழத்தை ரசீதில் எழுதித் தர வேண்டும் என்றேன். அப்படிச் செய்தால் ஓட்டுநருக்கும் டீசலுக்காகப் பயந்துகொண்டு ஓட்ட வேண்டியிருக்காது. வரும் வைகாசியிலிருந்து ஆழத்தை ரசீதில் எழுதச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். விலைப்படியைப் பற்றி யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். அதற்குள் இந்த மையத்தை அழைப்பவர்கள் அளவுகோலும் கம்பியும் கையில் வைத்துக்கொண்டு முதல் சாலிலேயே அளந்துவிட வேண்டும்.